மகளுக்கு முன்னால் ஓர் அதிகாரி

தொண்ணூறுகளில் ஒரு நாள். மறுநாள் பாளையங்கோட்டையில் என் மகளின் கல்லூரியில் வேலைவாய்ப்பு முகாம். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள். எனக்கு அஞ்சாம் வகுப்போடு சரி. ஒத்திகை பார்க்க என்னை அதிகாரியாக்கி நாற்காலியில் உட்கார வைத்தாள்.

கையில் ஃபைலோடு அவள் வாசலில் வந்து, “மே ஐ கம் இன் சார்?” என்றதும் நான் சட்டென்று எழுந்து, தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துவிட்டேன். ஃபைலோடு யார் வந்தாலும் எனக்கு அதுதான் பழக்கம்.

“எப்பா, ஆபீசரே எந்திரிச்சா நான் எங்கன உக்கார?” என்று சிரித்தாள்.

மறுபடி வந்தாள். மறுபடியும் எழுந்தேன். அவள் முகம் வாடிவிட்டது. “இப்படிப் பண்ணுனா நாளைக்குப் பயந்துல்லா நிப்பேன்!”

மூன்றாம் முறை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். “உக்காருங்கம்மா. உங்கப்பா என்ன வேலை பாக்குதாரு?”

“அரிசி மில்லுல மூட்டை தூக்குதாங்க, சார்,” என்று என் கண்ணைப் பார்த்தே சொன்னாள்.

என் வேலையை நான் ஒருநாளும் அப்படி நிமிர்ந்து சொன்னதில்லை.