கேட்டோடு திரும்பியவர்

என் மனைவிக்கு ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. நோய் எதிர்ப்புச் சக்தி எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று பார்க்க, திங்கட்கிழமைதோறும் ரத்தம் எடுக்க ஒரு பெண் கோவளத்திலிருந்து தாம்பரத்திலுள்ள எங்கள் வீட்டுக்கு இரண்டு பஸ் மாறி வருவார். வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையை நான் நோட்டில் குறிப்பேன்.

அன்று அவர் கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்.

"பஸ்ல வர்றப்போ தொண்ட கரகரன்னு ஆயிடுச்சு சார். உள்ள வரமாட்டேன்."

"மாஸ்க் போட்டிருக்கீங்களே. நோட்டுல ஒரு வாரம்கூட விட்டதில்லை."

"நோட்டு கெடக்குது சார். அக்காவுக்கு இப்ப சளி புடிச்சா தாங்குமா? நாளைக்கி வேற ஆளு வருவாங்க, லேப்ல சொல்லிட்டேன்."

ஜன்னலருகே நின்ற என் மனைவிக்குக் கையசைத்துவிட்டு நடந்தார்.

வலிக்காமல் ஊசி குத்துபவர்கள் பலர் உண்டு. அவ்வளவு தூரம் வந்தும் தன் தொண்டையை நம்பாமல் திரும்பிப் போனவரை அன்றுதான் பார்த்தேன்.