பாட்டின் மீதியைத் தேடி ஒஷாவாவுக்கு

ஞாயிறு காலை 11.10. ரொறன்ரோவில், டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டடத்தின் பதினோராம் மாடியில் லிப்ட் வருவதற்குள், என் மனைவி வசந்தி மூன்று தரம் கைப்பையைத் திறந்து ரிக்கெற்றுகளைப் பார்த்துவிட்டாள். ஒஷாவாவில் பழைய ஹவாய்ப் பாட்டுக் கச்சேரி, ஆளுக்குப் பதினைந்து டொலர், மகள் வாங்கித் தந்தது. கலியாண வீட்டுக்கே நேரத்துக்கு வெளிக்கிடாதவள் அன்று என்னை விரட்டினாள். எனக்கோ போகவே பயமாக இருந்தது.

காரணத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். எண்பதுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் ஒரு கடையில் ரேடியோ திருத்திக்கொண்டிருந்தேன். அந்த நாளில் செய்திக்கு முன் இரண்டு மூன்று நிமிடம் மிஞ்சினால், வானொலியில் ஹவாய்க் கிற்றார் இசைத்தட்டு ஒன்றைச் சுழலவிடுவார்கள். பாட்டு அரைவாசியில் நிற்கும்போது மணியடித்துச் செய்தி தொடங்கிவிடும். திருத்திய ரேடியோவை வாங்க வந்த வசந்தி ஒருநாள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். மணி அடித்ததும் முகம் வாடிப்போனது. முழுப்பாட்டும் எனக்குத் தெரியும் என்று ஒரு புளுகு விட்டேன். விட்டதோடு நிற்காமல் மீதியை அந்த இடத்திலேயே இட்டுக்கட்டி விசிலடித்தும் காட்டினேன். அடுத்த கிழமை நல்லாயிருந்த ரேடியோவையே திருத்தக் கொண்டுவந்தாள். எங்கள் காதல் அப்படித்தான் தொடங்கியது.

அந்த மெட்டையே, என் முடிவோடு சேர்த்து, இரண்டு பிள்ளைகளுக்கும் தாலாட்டாகப் பாடினாள். இப்போது மகள் பேரனுக்குப் பாடுகிறாள். ஒரு பொய் இரண்டு தலைமுறையை நித்திரையாக்கியிருக்கிறது.

மதியம் 12.05. ஸ்காபரோ சென்ரர் பஸ் நிலையத்தில் பஸ் ஏறினோம். ஒஷாவா நாற்பது கிலோமீற்றருக்குக் கிட்ட. சாரதி ஒரு பஞ்சாபிக்காரர். ஞாயிற்றுக்கிழமையில் ஒஷாவாவில் என்ன விசேஷம் என்று கேட்டார். இவருக்குத் தெரிந்த பாட்டின் முடிவை மேடையில் கேட்கப் போகிறோம் என்று வசந்தி தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பெருமையாகச் சொன்னாள். 401 நெடுஞ்சாலையோரம் மரங்கள் அப்போதுதான் துளிர்த்திருந்தன. பிக்கரிங், ஏஜக்ஸ், விற்பி என்று ஒவ்வொரு ஊராகப் போகப்போக அவள் மெட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

2.00 மணி. மண்டபத்தில் எண்பது பேர் இருக்கும். மேடையில் மூன்று பேர். நடுவில் இருந்த கிழவர் கிமோ ஹவாயில் பிறந்தவராம். ஒஷாவாவில் கார்த் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை செய்தவராம். கிற்றாரை மடியில் கிடத்தி, இரும்புத் துண்டொன்றைக் கம்பிகளின் மேல் வழுக்கவிட்டார். முதல் இழுப்பிலேயே எனக்கு உடம்பு புல்லரித்தது. ஈயம் உருகும் மணம், கடை வாசலில் சாத்திய சைக்கிள்கள், ரேடியோவை இரண்டு கையாலும் அணைத்தபடி நின்ற அந்தப் பெட்டை, எல்லாம் ஒரே நேரத்தில் வந்துவிட்டன. பக்கத்தில் அதே பெட்டை நரைத்த தலையோடு தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த ஒரு மணித்தியாலம் நான் பயத்தையே மறந்துபோனேன்.

இடைவேளையில் அந்த நிம்மதி போய்விட்டது. வசந்தி நேரே மேடைக்குப் போய் கிமோவுக்கு மெட்டை முணுமுணுத்துக் காட்டினாள். நாலாவது வரியில் அவர் முகம் மலர்ந்தது. அது தன் தாய் பாடும் பாட்டு என்றார். ஹவாய்ப் பாட்டுகளில் கடைசி அடி, கதையைச் சொல்லி முடித்துவிட்டோம் என்று சொல்லும், அதை இரண்டு தரம் பாடுவது வழக்கம் என்றும் சொல்லிவிட்டு வாசிக்கத் தொடங்கினார்.

வானொலியில் மணி அடிக்கும் இடம் வந்தது. மணி அடிக்கவில்லை. பாட்டு அதைத் தாண்டிப் போனது. என் விசில் சினிமாப் பாட்டுப் போல உச்சியில் ஏறி நிற்கும். இதுவோ படிப்படியாக இறங்கி, கடைசி அடியை இரண்டு தரம் மெல்லச் சொல்லி அடங்கியது. அவ்வளவு அழகு. வசந்தி கண்ணைத் துடைத்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் நின்றேன்.

மாலை 5.20. திரும்பும் பஸ்ஸில் விற்பி தாண்டும்வரை அவள் அந்தப் புது முடிவையே முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். நாற்பது வருடத்துக்கு மேலான புளுகுக்கு என்ன தண்டனையோ என்று நான் வீதியோரப் பலகைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"அப்ப அது நீங்கள் கட்டினதோ?"

"ஓம்."

"அந்த இடத்திலையே நிண்டோ?"

"ஓம். நீர் போயிடுவீர் எண்டு பயந்திட்டன்."

ஏஜக்ஸில் இரண்டு பேர் இறங்கினார்கள், ஒருவர் ஏறினார். ரொறன்ரோவுக்கு வந்து முப்பத்தைந்து வருடம். இரண்டு வேலை, வீட்டுக் கடன், பிள்ளைகளின் படிப்பு என்று ஓடியதில் இவளோடு பாட்டுக் கேட்க இவ்வளவு தூரம் போனது இதுதான் முதல் தரம். திட்டினாலும் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்திருந்தேன்.

அவள் திட்டவில்லை. என் பக்கம் திரும்பி, உண்மையாகவே அறிய விரும்பியவளாகக் கேட்டாள்:

"பிறகேன் எனக்கெண்டு வேறை ஒண்டும் கட்டேல்லை?"