சிவப்பு ஒயரை அறுக்காத கை

தறிக்குழியில் நான். எதிர்த் தறியில் என் தம்பி. பாத்ரூமில், ஸ்டூல் மேல் என் மனைவி. அன்று மத்தியானம் வீட்டில் இருந்தது இவ்வளவு பேர்தான்.

எங்கள் தெருவுக்குக் கேபிள் டிவி வந்த வருஷம். பாத்ரூம் தறி அறையை ஒட்டி இருந்தது. வெந்நீர் ஆவி உள்ளே வந்து, தறியில் கட்டிய பாவு நூலில் ஏறும். ஜரிகை கறுக்கும். ஆவியை வெளியே தள்ள ஒரு ஃபேன் வாங்கி நானே மாட்டினேன்.

"அண்ணி குளிக்கிற ஆவிக்கு ஃபேனு. நாம வேர்த்துகினு நெய்யணும்" என்றான் தம்பி.

ஒயர் வேலை நான் எங்கும் கற்கவில்லை. சுவிட்சைப் போட்டால் எரிய வேண்டும், அணைத்தால் அணைய வேண்டும். அது போதும் என்று இருந்தேன்.

அன்று அவள் ஃபேனைத் துடைக்க ஏறினாள்.

"ஏங்க, நிறுத்திட்டீங்களா?"

எழுந்து போய் சுவிட்சை அணைத்தேன். இறக்கை நின்றது.

"நிறுத்திட்டேன். தொடச்சிக்கோ."

திரும்பக் குழியில் கால் வைத்தேன். அவள் கத்தவில்லை. ஸ்டூல்தான் கடகடவென்று ஆடியது. ஓடிப் பார்த்தால், ஈரத்துணியோடு கை ஃபேனில் ஒட்டியிருந்தது. கண் திறந்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை.

பிடிக்கப் பாய்ந்தேன்.

"தொடாதண்ணா!"

தம்பி மெயினை இழுத்தான். அவள் என் மேல் விழுந்தாள்.

உயிர் இருந்தது. இரண்டு விரல் வெந்திருந்தது. பேச்சு வரச் சாயங்காலம் ஆனது. முதலில் வந்த பேச்சு இது:

"நிறுத்திட்டேன்னீங்களே."

நிறுத்தினேன். இறக்கை நின்றதை என் கண்ணால் பார்த்தேன்.

மறுநாள் வயர்மேன் வந்தார். கரண்ட் உள்ள பிளக்கில் டெஸ்டரை வைத்து, அதன் விளக்கு எரிகிறதா என்று சரிபார்த்தார். சுவிட்சை அணைத்துவிட்டு ஃபேன் ஒயரில் வைத்தார். எரிந்தது.

மெயினை அணைத்தார். ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டையில் போட்டுக்கொண்டார்.

"என் பாக்கெட்ல இருந்தா எவனும் போட முடியாது."

மறுபடி டெஸ்டர். எரியவில்லை. பிறகுதான் சுவிட்சைக் கழற்றினார்.

"யாருபா இது? கறுப்ப வெட்டி சுவிட்ச் வெச்சிகிது?"

"நான்தான்."

"கரண்ட் வர்றது சிவப்புல. கறுப்ப வெட்டினா ஃபேன் நிக்கும், கரண்ட் நிக்காது. ஃபேன்லயே குந்திகினு இருக்கும். சிவப்ப ஏன் உட்ட?"

சொல்ல வெட்கமாக இருந்தது. எங்கள் வீட்டில் முகூர்த்தப் புடவைக்குச் சிவப்புப் பாவு ஏற்றினால், புடவை தறியை விட்டு இறங்கும்வரை அதில் கத்தி படாது. இழை தானாக அறுந்தால் முடிச்சுப் போடுவோம். நாமாக அறுக்க மாட்டோம். கை அப்படிப் பழகியது. ஒயரிலும் சிவப்பை விட்டுக் கறுப்பை அறுத்தது.

"புடவையா நெய்யற? இந்தா, நீயே அறு." கட்டிங் பிளேயரை நீட்டினார்.

அறுத்தேன்.

சுவிட்சைச் சிவப்பில் வைத்தார். பாத்ரூமுக்கு வெளியே, இரண்டு ஒயரையும் சேர்த்து வெட்டும் சுவிட்ச் இன்னொன்று வைத்தார். ஃபேனின் இரும்புச் சட்டத்துக்கு எர்த் கொடுத்தார்.

"தொடைக்கணும்னா இத்த நிறுத்து. அப்புறம் டெஸ்டர் வெச்சிப் பாரு. இறக்கைய நம்பாத."

கிளம்பும்போது கேட்டார்.

"வேற எங்கனா கை வெச்சிருக்கியா?"

எங்கள் தெருவில், முள்ளிப்பட்டு ஊரில் சொந்தக்காரர்களுக்கு, கூப்பிட்டவர்களுக்கெல்லாம் போய்ச் சுவிட்ச் போட்டிருக்கிறேன். எல்லாவற்றிலும் கறுப்பு. அவர்களும் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் துடைப்பார்கள்.

தம்பி ஒவ்வொரு வீடாகச் சொன்னான். நான் விரல் மடக்கினேன்.

பதினோரு வீடு.