கல் தெரியும் வரை

என் கணவரைக் கதிரையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனது ஒரு செவ்வாய்க்கிழமை. கிழமையில் மூன்று நாள் அவருக்கு டயாலிசிஸ். பதினொரு மணிக்கு வாகனம் வந்து கீழே தெருவில் நிற்கும். வாசலிலிருந்து தெரு வரைக்கும் எங்கள் பாதை கொஞ்சம் சரிவு, கல் பதித்தது. சர்க்கரை வருத்தத்தில் இரண்டு கால்விரல்கள் போன பிறகு அவர் ரோலாட்டரைப் பிடித்துத்தான் நடக்கிறார். நாலு சின்னச் சில்லுகளும் ஒரு பிரேக்கும் உள்ள தள்ளுவண்டி அது. அன்றைக்குப் பாதையில் ஒரு விரல் தடிப்புக்குப் பனி மிஞ்சி, குளிருக்கு இறுகிப் போயிருந்தது. முன்சில்லு அதில் அசையவே இல்லை. உதவிக்கு வந்த சாரதி தானும் சறுக்கி, ஒருமாதிரிச் சமாளித்து நின்றார். பிறகு தொலைபேசியில் இன்னொருவரைக் கூப்பிட்டார். இரண்டு பேருமாக இவரை ஒரு மடக்குக் கதிரையில் இருத்தி, பட்டியால் கட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள்.

எதிர்வீட்டுக்காரர் யன்னலில் நின்று பார்த்தார்கள். நல்ல சனங்கள், இரக்கப்பட்டுத்தான் பார்த்தார்கள். அந்த இரக்கம்தான் இவருக்குத் தாங்கவில்லை. பின்னேரம் வந்தவர் சாப்பாடு வேண்டாம் என்றார். தொலைக்காட்சியும் வேண்டாம் என்றார். பிறகு சொன்னார்.

"இன்னொருக்கா என்னைத் தூக்கினா நான் இனிப் போகமாட்டன். அவ்வளவுதான் கதை."

போகாவிட்டால் என்ன நடக்கும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். விசர்க் கதை கதைக்காதேங்கோ என்று நான் ஏசினேன். நல்லாக ஏசிவிட்டு, குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவர் சொன்னால் சொன்னதுதான். அதோடு, கொஞ்ச நாளாகவே அவருடைய போக்கு எனக்குப் பிடிக்கவில்லை. தூரத்தில், வுப்பர்டால் நகரத்தில் இருக்கிற மகள் வெயில் காலத்தில் வந்து நிற்கச் சொல்லிக் கேட்டால் தொலைபேசியை என் கையில் தந்துவிடுவார். அடுத்த கிழமைக்கு அப்பால் எதைப் பற்றியும் அவர் பேசுவதில்லை.

உப்புப் போடலாமே என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் ஊரில் வீட்டுப் பாதைக்கு உப்புப் போடத் தடை. சின்னக் கல் தூவினால் அது ரோலாட்டர்ச் சில்லுக்குள் போய்ச் சிக்கும். ஆள் பிடித்தால் அவர் தன் வசதிக்கு மத்தியானம் வருவார். ஆக, மிச்சம் எங்கள் பனி மெஷின்தான்.

அந்த மெஷின் இவருடைய செல்லப்பிள்ளை. முந்தி மலையடிவாரத்து ஹோட்டல் ஒன்றில் இவர் பராமரிப்பு வேலை, நான் குசினி வேலை. ஹோட்டல் புதிது வாங்கியபோது பழையதை இவர் வீட்டுக்குக் கொண்டுவந்தார். முன்னால் சுழலும் இரும்புத் திருகு பனியை அள்ளி உள்ளே இழுக்கும், மேலே இருக்கிற குழாய் அதைத் தூர எறியும். என்னைக் கிட்டவும் விடமாட்டார். போன மாரிக் குளிரில் இவர் படுத்த பிறகுதான் அது என் கைக்கு வந்தது. நானும் தள்ளிக்கொண்டு போய்த் தள்ளிக்கொண்டு வந்தேன், மேற்பனி போனால் சரி என்று இருந்துவிட்டேன். அந்த விரல் தடிப்புப் பனி என் அசட்டைதான். அதை நினைக்க நினைக்க என்மேலேயே எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

வியாழக்கிழமை அடுத்த முறை. அன்று விடியப் பனி கொட்டும் என்று வானிலையில் சொன்னார்கள். புதன் காலையில், செவ்வாய்க்கிழமை இறுகிப்போன பனியைப் பனி அள்ளுகிற சவளால் இரண்டு மணித்தியாலம் கொத்தி எடுத்துவிட்டு, கராஜுக்குள் இறங்கினேன். இவர் வாசலில் கதிரை போட்டு இருந்துகொண்டு, ஸ்பானரை அப்படிப் பிடியும், இப்படிப் பிடியும் என்று தொடங்கினார். அவர் சொல்லச் சொல்ல எனக்கு விளங்கியது இதுதான். மெஷினின் வாயின் இரண்டு பக்கமும் சறுக்கிச் செல்ல ஒவ்வொரு இரும்புப் பாதம் இருக்கிறது. பாதத்தை ஏற்றினால் வாய் தாழும், இறக்கினால் வாய் உயரும். வாயின் கீழ் விளிம்பில் உள்ள தகடுதான் பனியைச் சுரண்டுவது. பாதையில் ஒரு கல் மற்றக் கற்களை விடத் துருத்திக்கொண்டு நிற்கிறது. அதில் தகடு இடிக்கக் கூடாது என்று இவர் முந்தியே பாதங்களை இறக்கி விட்டிருக்கிறார். அதனால்தான் ஒரு விரல் பனி மிஞ்சுகிறது.

முதலில் ரயர்களைப் பார்க்கச் சொன்னார். ஒன்றில் காற்றுக் குறைவு. அப்படி விட்டால் மெஷின் ஒரு பக்கம் சரிந்து, ஒரு கரையைச் சுரண்டி மறுகரையை விட்டுவிடுமாம். காற்றடித்தேன். பிறகு தகட்டின் கீழே இரண்டு பக்கமும் ஒரே தடிப்பில் எதையாவது வைக்க வேண்டும் என்றார். தமிழ்க் கடையில் தந்த போன வருடக் கலண்டரின் மட்டையை வெட்டி, மடித்து வைத்தேன். நட்டுகளைத் தளர்த்தி, பாதங்களை நிலத்தில் முட்ட விட்டு, திரும்ப இறுக்கினேன். மட்டையை உருவி எடுத்தபோது தகட்டுக்கும் நிலத்துக்கும் நடுவில் மட்டைத் தடிப்புத்தான் இருந்தது. இவர் குனிந்து பார்த்துவிட்டு ரோலாட்டரைப் பிடித்து எழும்பினார். பிழை இருந்தால் சும்மா எழும்பிப் போகிற ஆளா அவர்.

அவர் படுக்கப் போன பிறகு நான் ஒரு கெட்டித்தனம் செய்தேன். பிடித்தால் திருகைச் சுழல விட்டு, கையை எடுத்தால் நிறுத்துகிற கைப்பிடி இறுக்கமாக இருந்தது, இழுக்க விரல் நொந்தது. எண்ணெய்ப் போத்தலைத் தேடினேன், காணவில்லை. எங்கள் வீட்டில் கதவு கிறீச்சிட்டாலும், தையல் மெஷின் முரண்டு பிடித்தாலும், கத்தரிக்கோல் இறுகினாலும் மருந்து ஒன்றுதான். ஹீட்டருக்கு மேல் இருந்த தேங்காயெண்ணெயை எடுத்துவந்து கைப்பிடி கேபிளின் உறைக்குள் தாராளமாக விட்டேன். வழுக்கிக்கொண்டு போனது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

வியாழன் காலை ஒன்பது மணிக்குப் பனி விட்டது. நல்ல குளிர். முதல் தடம் ஓடித் திரும்பிப் பார்த்தேன். கல் தெரிந்தது, கல்லுக்கு இடையிலான கோடும் தெரிந்தது. மனம் குளிர்ந்து, இரண்டாவது தடத்தின் முடிவில் கைப்பிடியை விட்டேன். திருகு நிற்கவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டுப் பார்த்தால் கேபிள் போன இடத்தில் போனபடி நிற்கிறது, இழுக்கவும் ஏலாது, தள்ளவும் ஏலாது. கோதாரி மெஷின் என்று ஒரு உதை விட்டேன். கால்தான் நொந்தது.

அப்போதுதான் கேபிள் நுனியில் வெள்ளையாக ஒன்று கட்டிபட்டு இருந்ததைக் கண்டேன். அந்த வெள்ளையை எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு மாரியும் தலைக்கு வைக்க அதை உருக்குகிறவள் நான். அதற்காகத்தானே போத்தலை ஹீட்டர்மேல் வைத்திருக்கிறேன். அந்த ஹீட்டரிலிருந்தே எடுத்துக்கொண்டு போய் விட்டேன் பாருங்கள்.

மணி பத்து. வயரை நீட்டி, தலைமயிர் காயவைக்கிற மெஷினைக் கொண்டுவந்து கேபிளுக்குச் சூடு காட்டினேன். எண்ணெய் உருகி ஒழுகியது. பாதை முழுக்கத் தேங்காயெண்ணெய் வாசம். மேலே எங்கள் வீட்டு யன்னலைத் திறந்து இவர் எட்டிப் பார்த்தார்.

"இஞ்சேரும், மெஷினுக்குத் தலை முழுக வார்க்கிறீரோ?"

சிரிக்கவும் முடியவில்லை, ஏசவும் முடியவில்லை. நடந்ததைச் சொன்னேன். ஏசுவார் என்றுதான் நினைத்தேன். கேபிளை நல்லாத் துடைத்து, ஆறின பிறகு மேல்தட்டில் இருக்கிற மெல்லிய எண்ணெயை அடிக்கச் சொன்னார். அது பெயின்ட் டப்பாவுக்குப் பின்னால் இருந்ததாம். இதை நேற்றுச் சொன்னால் என்ன என்று கேட்டேன். நீர் கேட்டனீரோ என்றார்.

கைப்பிடி இலகுவாக வந்தது. விட்டால் திருகும் உடனே நின்றது. நாலு தரம் அதைச் சோதித்துப் பார்த்த பிறகுதான் ஓட்டினேன். துருத்திய கல்லுக்குக் கிட்ட வரும்போது பிடியைக் கீழே அமத்தி முன்பக்கத்தைத் தூக்கினேன். அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் பனி மிஞ்சியது. சவளால் சுரண்டி எடுத்தேன்.

வாகனம் வந்தது. இறங்கியது இரண்டு பேர், ஒருவர் கையில் அந்த மடக்குக் கதிரை. அதை உள்ளேயே வையுங்கள் என்று ஜெர்மனில் சொன்னேன். மரியாதையாகத்தான் சொன்னேன், ஆனால் என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபேச்சில்லாமல் வைத்தார்கள்.

இவர் வாசலால் வெளியே வந்தார். ரோலாட்டர் கல்லுக்குக் கல் தட்டிக்கொண்டு இறங்கியது. நான் மெஷினைப் பிடித்தபடி நின்றேன். துருத்திய கல்லில் முன்சில்லு முட்டி நின்றுவிட்டது. சாரதி கையை நீட்டினார், நான் தலையை ஆட்டி மறித்தேன். இவர் தானே பிடியை அமத்தி, சில்லைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார். பிறகு நின்று, அந்தக் கல்லைக் கனநேரம் பார்த்தார்.

"வெயில் காலத்தில உந்தக் கல்லை எடுத்துத் திரும்பப் பதிக்க வேணும். அடி மண்ணைக் கொஞ்சம் வழிச்சாப் போதும். நான் மறந்தாலும் நீர் ஞாபகப்படுத்தும்."

நான் ஓம் என்றேன். அழுகிற முகத்தை அவருக்குக் காட்டக் கூடாது என்று, எஞ்சினை அணைப்பதுபோலக் குனிந்தேன். அது அணைந்துதான் இருந்தது.