அப்பா கைவிட்ட இறால் தொட்டி

மருந்தடித்துவிட்டு வரும் நாட்களில் அப்பாவுக்கு முன்பே அவருடைய வாடை படியேறி வந்துவிடும். தொண்டையில் கசந்து நிற்கும் அந்த வாடை வந்ததுமே நான் ஓடிப்போய் இறால் தொட்டியைப் பலகையால் மூடிவிடுவேன். பீர்மேட்டுப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில், "லயம்" என்று நாங்கள் சொல்லும் வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். மாமா வேலை பார்த்த ஹோம்ஸ்டேயில் வேண்டாமென்று ஒதுக்கிய கண்ணாடித் தொட்டியில், விரல் நகத்தைவிடக் கொஞ்சமே பெரிதான சிவப்பு இறால்களை வளர்த்தேன். விற்றவர் ஒன்றைத்தான் அழுத்திச் சொல்லியிருந்தார்: பூச்சிமருந்து துளி பட்டாலும் ஒன்றுகூடத் தப்பாது. பத்து வயதில் அந்தப் பேச்சு என்னைப் பாடாய்ப் படுத்தியது.

அப்பாவுக்கோ இறால்கள் மேல் கொள்ளை ஆசை. சோப்புப் போட்டு இரண்டு தரம் குளித்துவிட்டு, அப்படியும் என் முகத்தைப் பார்த்து இரண்டடி தள்ளியே உட்காருவார். ஒரு இறால் வயிற்றடியில் மஞ்சள் முட்டைகளைச் சுமந்துகொண்டு குட்டிக் கால்களால் ஓயாமல் விசிறுவதை முதலில் கண்டவர் அவர்தான். "சினையா இருக்கு தாயி" என்றார், வீட்டுப் பெண் உண்டாகியிருப்பதுபோல. அந்தச் சந்தோஷத்தில் அன்றைக்குக் குழம்புச் சோற்றைப் பிசைந்து எனக்கும் தம்பிக்கும் வழக்கத்தைவிடப் பெரிய பெரிய உருண்டையாக உருட்டிக் கொடுத்தார்.

அடுத்த வாரம் ஒரு நாள், பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில், தொட்டியில் தண்ணீர் குறைந்திருக்கிறதே என்று குழாயில் ஒரு சொம்பு பிடித்து ஊற்றிவிட்டுப் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால், சினை இறால் உட்பட எல்லாம் பக்கவாட்டில் சாய்ந்து வெளுத்துக் கிடந்தன. அப்பா சுவரோரம் உட்கார்ந்திருந்தார். மத்தியானம் தொட்டிக்குக் காற்று விடும் குழாய் கழன்றுவிட்டதாம். மாட்டிவிடக் கையை உள்ளே விட்டாராம்.

"அழாத தாயி. என் கைதான் செஞ்சிருச்சு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. லயத்துக் குழாய்க்குத் தண்ணீர் வருவது மேலே தேயிலைக்குள் ஓடும் ஓடையிலிருந்து. முதல் நாள் அதன் கரையில்தான் மருந்தடித்தார்கள். பிறகு மழையும் பெய்தது. அதே குழாய்த் தண்ணீர்தான் குடத்தில் இருந்தது. தம்பி அதைக் குடித்துக்கொண்டிருந்தான். இறால்களைக் கொன்றது தண்ணீர் என்றால் நாங்கள் எல்லோருமே போய்விடுவோம்; கை என்றால் இறால்களோடு முடிந்தது. நான் கையென்றே நம்பிக்கொண்டேன், குழாய்த் தண்ணீர் ஊற்றியதை அப்பாவிடம் சொல்லவில்லை. பல நாள் தம்பி தூங்கும்போது அவன் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அப்பா அதோடு எங்களுக்குச் சோறு உருட்டிக் கொடுப்பதை விட்டுவிட்டார்.

இன்று அந்த லயத்தில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. நான் மறுபடி இறால் வளர்க்கவில்லை. அப்பா வேலையிலிருந்து நின்று என்னோடு இருக்கிறார்; மருந்தைத் தொட்டே வருடங்கள் ஆகின்றன. நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை. நேற்று என் மகள் அவர் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு உருண்டை கொடுங்க தாத்தா என்று கையை நீட்டினாள். அப்பா எழுந்துபோய் அவளுக்கு ஒரு ஸ்பூன் எடுத்து வந்தார்.