கூரையில்லாத வீடும் ஐந்து மீற்றர் பிழையும்

கையில் மஞ்சள் நிறத்தில் ஒரு ஜீபிஎஸ் கருவி, தோளில் உப்பளக்கும் மீற்றர், கழுத்தில் என்னையே எனக்கு அடையாளம் தெரியாத படத்துடன் ஓர் அட்டை. இந்தக் கோலத்தில்தான் சாய்ந்தமருதுக் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கைகளில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். கிணற்றுத் தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று அளக்க வேண்டும். அந்த வீடு பூமியில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் பதிய வேண்டும். வீடு இருக்கும் இடம் வீட்டுக்காரருக்குத் தெரியும், தபால்காரருக்குத் தெரியும், மீன் விற்க வருகிறவருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். கொழும்பில் இருந்த எங்கள் பேராசிரியருக்கு மட்டும்தான் தெரியாது. அவருக்குத் தெரிவிப்பதற்காகவே எனக்குச் சம்பளம் தந்தார்கள்.

வாசற்படியில் நின்று கருவியை வானத்துக்குக் காட்டிக்கொண்டு, மேலே சுற்றும் செய்மதிகள் மனம் இரங்கும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் ஊர் கூடிவிடும். "மறுகா சுனாமி வரப்போகுதா புள்ள?" என்று ஒருவர் கேட்பார். "இதால காணாமப் போன என்ட ஆட்டக் கண்டுபுடிக்க ஏலுமா?" என்று இன்னொருவர். ஏலாது என்று சொன்னதும் படித்தும் பயனில்லாத பிள்ளை என்ற பார்வையோடு போய்விடுவார். செய்மதிகளும் சுலபத்தில் அகப்படுவதில்லை. எங்கள் ஊரில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஓர் ஆள் பக்கவாட்டில் திரும்பினால் போகலாம், சோறு தின்ற பிறகென்றால் சந்தேகம். மேலே தெரிகிற வானமும் அந்த அளவுதான்.

இந்த வேலையில் எனக்கொரு சொந்தக் காரியமும் இருந்தது. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ஆகவே பெண் பிள்ளைக்கு வீடு வேண்டும். உம்மாவுக்கு நாங்கள் நான்கு பெண் பிள்ளைகள் என்பதால் அவருடைய வளவும் நான்கு துண்டாகிவிட்டது. முன்னால் மூத்த ராத்தாவின் வீடு, அதற்குப் பின்னால் இளைய ராத்தாவின் வீடு, அதற்கும் பின்னால் என்னுடையது. கடைசி மூலையில் தங்கச்சியின் வீடு, சுவர்கள் எழும்பிக் கூரையில்லாமல் நின்றது. நான்கு வாசற்படிகளும் ஒட்டினாற்போல் சுற்றி நிற்க, நடுவில் ஒரே கிணறு, அதில் கடலுக்குச் சமமான உப்பு.

தங்கச்சிக்கு மருதமுனையில் ஒரு மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். எல்லாம் சரிவந்து, மாப்பிள்ளையின் உம்மா எங்கள் கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் குடித்ததும் பேச்சு நின்றுவிட்டது. "பைப் இல்லாத வீட்டுக்கு எங்கட புள்ளய எப்படி அனுப்புற?" என்றார். மகனைக் கப்பலேற்றுகிறவரைப்போல் அவருடைய குரல் தழுதழுத்தது. மருதமுனை எங்களுக்கு மோட்டார் சைக்கிள் சூடேறுவதற்குள் வந்துவிடும் தூரம். ஆனாலும் தாய் மனம் அல்லவா, தண்ணீர் வரும்வரை நாள் குறிப்பதில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

குழாய்த் தண்ணீர் கொடுக்க வந்த திட்டமோ, எங்கள் ஆராய்ச்சி வரைபடத்தைப் பார்த்துத்தான் முதற்கட்ட வீடுகளைத் தெரிவு செய்யப் போவதாக அறிவித்திருந்தது. படத்தில் புள்ளி இருந்தால் குழாய், குழாய் வந்தால் மாப்பிள்ளை. இவ்வளவுதான் கணக்கு. ஆகவே எங்கள் வளவில் நான்கு வாசற்படிகளிலும் நின்று நான்கு புள்ளிகளை மிகக் கவனமாகப் பதிந்தேன். மூத்தவரின் வீட்டில் தொடங்கி தங்கச்சியின் வீட்டில் முடித்தேன், அதுதான் எங்களில் மரியாதை.

சில நாட்களில் பேராசிரியர் போன் எடுத்தார். "ஒரே வீட்டை நாலு தரம் பதிஞ்சிருக்கிறீங்களே" என்றார்.

"இல்ல சேர், அது நாலு வீடு. நாலு குசினி, நாலு அடுப்பு."

"கருவியின்ர பிழை ஐந்து மீற்றர். அதுக்குள்ள வாற புள்ளி எல்லாம் ஒண்டுதான்."

"சேர், மூணாவது வீட்டுல நான்தான் இருக்கன். இப்ப அங்க இருந்துதான் கதைக்கன்."

"ஆராய்ச்சியில சொந்த விஷயத்தைக் கலக்கக் கூடாது" என்று அன்பாகப் புத்தி சொன்னார். நான் படம் எடுத்து அனுப்பினேன், வளவை வரைந்து அனுப்பினேன், நான்கு கதவிலக்கங்களையும் அனுப்பினேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் கருவியையே கடலில் எறிந்திருப்பேன், கையெழுத்து வைத்து வாங்கியிருந்ததால் எறியவில்லை. ஒவ்வொரு கடிதத்துக்கும் அவர் நன்றி தெரிவித்துப் பதில் போட்டார். ஒரு புள்ளியை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் அழிப்பார்களாம்.

மிஞ்சுவது முதலில் பதிந்த மூத்த ராத்தாவின் புள்ளிதான் என்று எல்லோரும் நினைத்தோம். தங்கச்சி அழவில்லை. சாந்து குழைத்துக்கொண்டிருந்த மேசனிடம் போய், "கூரை வேல இப்ப வேணாம் காக்கா, மறுகா பாப்பம்" என்று சொல்லிவிட்டு வந்தாள். இந்த ஊரின் ஒவ்வொரு கிணற்றையும் பூமியில் குறித்துவிட்டு, கூடப் பிறந்தவளின் வீட்டைக் குறிக்க முடியாமற்போன கெட்டிக்காரி நான்.

படம் வெளிவந்தபோது மிஞ்சியிருந்தது தங்கச்சியின் புள்ளி. எனக்கே நம்ப முடியவில்லை. விசாரித்ததில், பிழை ஆகக் குறைந்த புள்ளியைத்தான் வைத்துக்கொள்வார்களாம். நாங்கள் மூவரும் தாழ்வாரத்துக்கும் தென்னை ஓலைக்கும் கீழே இருந்ததால் கருவி எங்களைத் தடுமாறித்தான் கண்டிருக்கிறது. தங்கச்சியின் வாசலில் நின்றால் தலைக்கு மேலே முழு வானம். செய்மதிகளுக்குத் தெளிவாகத் தெரிந்த ஒரே வீடு, கூரையில்லாத வீடு. நான், என் கணவர், பிள்ளைகள், இரண்டு ராத்தாக்களின் குடும்பங்கள் எல்லோரும் விஞ்ஞான முறைப்படி இல்லாமற்போனோம். எஞ்சியது இரண்டு கோழிகள் குடியிருந்த வீடு, அதற்குத்தான் குழாயும் வந்தது.

அல்ஹம்துலில்லாஹ், தண்ணீர் தித்தித்தது. அன்றிலிருந்து நான்கு வீட்டுக்கும் அந்தக் குழாய்தான். ராத்தாக்கள் வாளியோடு வந்தார்கள். நான் கொஞ்சம் படித்தவள் என்பதால் சுவருக்கு மேலால் ஒரு ஹோஸ் போட்டுக்கொண்டேன்.

மாப்பிள்ளையின் உம்மா நாள் குறிக்க வந்தார். தங்கச்சி குழாயில் பிடித்த தண்ணீரைக் கிளாசில் கொடுத்தாள். ஒரு வாய் குடித்து "மாஷா அல்லாஹ்" என்றார். அந்த நேரம் பார்த்து மூத்த ராத்தா வாளியோடு வந்தார். பின்னால் இளைய ராத்தாவின் மகள் கேனோடு வந்தாள். பிறகு மாப்பிள்ளையின் உம்மாவுடைய கண் என் ஹோஸ் வழியே சுவரேறி என் குசினிவரை போனது.

"இது ஆருட பைப்?" என்றார்.

"சின்ன மகள்ட" என்றார் எங்கள் உம்மா.

"அப்ப ஒரு பூட்டுப் போடுங்க. நாலு குடும்பம் அள்ளினா எங்கட புள்ள வந்து எதக் குடிக்கிற?"

ஏலாது என்றால் கலியாணம் போய்விடும். ஓம் என்றால் நாங்கள் மூன்று குடும்பமும் திரும்பவும் உப்புக் கிணற்றுக்குப் போக வேண்டும். மூத்த ராத்தா வாளியைக் கீழே வைத்துவிட்டார். தங்கச்சிக்காக அவர் ஓம் சொல்லிவிடுவார் என்று எனக்குத் தெரிந்தது.

தங்கச்சி முந்திக்கொண்டாள். குரலை உயர்த்தவில்லை. "பூட்டுப் போட ஏலா மாமி. படத்துல இது நாலும் ஒரு வீடு. ஒரு வீட்டுக்கெண்டுதான் பைப் தந்திரிக்காங்க. வீட்டுல இரிக்கிற ஆக்களுக்கே தண்ணியப் பூட்டினா அந்தப் பைப்ப ஆருக்கு வெச்சிரிக்கிற?"

அவர் நான்கு வீடுகளையும் தன் கண்ணால் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "ஒரு வீடா?" என்றார்.

"ஓம் மாமி. ராத்தாவக் கேளுங்க, அவதான் மெஷினால அளந்த."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அது நான்கு வீடுதான் என்று பேராசிரியரோடு மல்லுக்கட்டி, அவருடைய கருவியையும் கணக்கையும் திட்டித் தீர்த்தவள் நான்.

"மெய்யா புள்ள?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் உம்மா.

"ஓம் மாமி" என்றேன். "மெஷின் பிழை விடாது."

அவர் கிளாசில் மிஞ்சியிருந்த தண்ணீரைக் குடித்து முடித்தார். பிறகு தங்கச்சியைப் பார்த்து, கூரை எப்ப போடுவீங்க என்று கேட்டார்.