சேதி போகாத இரண்டு விரல்கள்

வேலம்பாளையம் கம்பெனியில் சித்ரகலாவுக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து டேபிள். பனியனில் தொங்கும் பிசிறு நூலை வெட்டுவதுதான் வேலை. 2019 டிசம்பரில் சூரியன் வளையமாய்த் தெரிந்த கிரகணத்தன்றும் வெட்டினோம். ஷிப்மென்ட் அவசரம். அவளுக்கு ஏழாம் மாதம். கூரைத் தகரத்தின் ஆணி ஓட்டைகள் வழியே வெயில் குட்டிக் குட்டி வளையங்களாக வெள்ளைத் துணிமேல் விழுந்தது. மெஷின் சத்தம்கூட எங்கோ தூரத்தில் கேட்டது. கத்தரியை வைக்காமலே ஒரு கையை நீட்டி, உள்ளங்கையில் ஒரு வளையத்தை ஏந்திக்கொண்டு சிரித்தாள்.

மகள் பிறந்தாள். இடது கையில் நடுவிரலும் மோதிரவிரலும் ஒட்டியிருந்தன.

"கிரகணத்துல கத்தரி புடிச்சா வேற என்ன ஆகும்?" என்றார் சித்ரகலாவின் மாமியார் வேலாத்தாள்.

அன்றைக்கு நாற்பது பேர் வெட்டினோம், அந்தம்மாவிடம் யார் வாய் கொடுப்பது! சித்ரகலா அதை அப்படியே நம்பிவிட்டாள். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். கத்தரியே வேண்டாமென்று பேக்கிங் பக்கம் போய்விட்டாள். விரலைப் பிரிக்க ஆபரேஷன் என்றாலே, "நான் வெட்டுனது போதுமுங்க அக்கா, மறுபடியும் வெட்ட வேண்டாம்" என்று அழுவாள். குழந்தைக்கு ஐந்து வயதாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்கிறதாம்.

போன மாதம் மாமியாரையும் மருமகளையும் நானே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். கதையைக் கேட்ட டாக்டர் நிர்மலா தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

"ஏழாம் மாசமா? விரல் பிரியறது ரெண்டாம் மாசத்துலயே முடிஞ்சுருமுங்க."

பிறகு மெதுவாகச் சொன்னார். கருவில் எல்லாருடைய கையும் முதலில் தோசைக் கரண்டி மாதிரி தட்டையாகத்தான் முளைக்குமாம். எது கட்டைவிரல், எது சுண்டுவிரல் என்று ஓர் ஓரத்திலிருந்து சேதி பரவுமாம். அப்புறம் விரலிடுக்கில் இருக்கும் செல்களுக்கு இன்னொரு சேதி வரும், உங்கள் வேலை முடிந்தது என்று. அவை தாமே கரைய, விரல்கள் பிரியும். கோழிக்கும் அப்படித்தான். வாத்துக் காலில் மட்டும் வேறொரு சேதி குறுக்கே நின்று தடுப்பதால் சவ்வு தங்கிவிடுகிறது. இத்தனை சேதியும் ஜீன்கள் அனுப்புவது; ஒன்று போய்ச் சேராவிட்டால் விரல்கள் ஒட்டியே இருந்துவிடுமாம்.

கேட்கக் கேட்க நான் சொக்கிப்போனேன். என் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அம்மா வயிற்று இருட்டில், யாரும் தொடாமல், இந்த இடுக்கெல்லாம் கரைந்து கரைந்து வந்ததா!

"அப்ப நான் வெட்டுனதுனால இல்லீங்களா?" என்றாள் சித்ரகலா.

"இல்லவே இல்லீங்க. வீட்ல யாருக்காச்சும் விரல் ஒட்டியிருக்குதா? கால்லயாவது?"

வேலாத்தாள் வலது செருப்பைக் கழற்றினார். இரண்டாம் விரலும் மூன்றாம் விரலும் நகம்வரை ஒன்றாக இருந்தன. தினமும் பார்த்த கால்தான், யாருக்கும் தோன்றவில்லை.

"உங்க மகன் வழியாப் பேத்திக்கு வந்திருக்குமுங்க" என்றார் டாக்டர்.

"எங்கம்மா கிரகணத்துல பூசணிக்காய் அரிஞ்சாங்கன்னு எங்க அப்பாயி சொல்லும்" என்றார் வேலாத்தாள். "சாகற அன்னிக்கும் என்ற காலைப் புடிச்சுட்டு, மன்னிச்சுக்க கண்ணுன்னு அழுதாங்க. அவங்க ஒண்ணுமே பண்ணலீங்களா?"

"ஒண்ணுமே பண்ணலீங்கம்மா."

சித்ரகலா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆபரேஷனுக்குத் தேதி சொல்லுங்க மேடம்" என்றாள். டாக்டர் காலண்டரைத் திருப்பினார். வேலாத்தாள் செருப்பை மாட்டாமலே உட்கார்ந்திருந்தார்.

"எங்கம்மா ஒண்ணுமே பண்ணலீங்களா?" என்று மறுபடியும் கேட்டார்.